இரண்டு ஆனைக்கொம்பன்

ஆனைக்கொம்பன் என்று இரண்டு உண்டு. ஒன்று நெல். நெட்டையாக வளரும், மணி நீண்டு லேசாக வளைந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். இன்னொன்று ஈ. கொசு அளவுதான் இருக்கும். சம்பாப் பயிர் தூர் கட்டுகிற சமயத்தில் வந்து முட்டையிடும். புழு குருத்துக்குள் இறங்கி அடியில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் குருத்து இலையாக விரியாது. வெங்காயத்தாள் மாதிரி உருண்டு, வெளுத்து, கொம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். கொம்பு விட்ட தூரில் கதிர் வராது. அதனால் அதற்கும் அதே பெயர். இந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கிறவனுக்குக்கூட இரண்டும் தெரியும். வில்லியனூர்க் கடைத்தெருவில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் ஊராருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதிக்கொடுத்த மரியதாசுக்கு மட்டும் ஒன்றுதான் தெரியும். அந்த மகா பண்டிதன் நான்தான்.

ஆனால் இது என் கதை இல்லை. செங்கமலத்தின் கதை. அவளைப் பற்றி எழுத ஆள் கிடையாது, அதனால் நான் எழுதுகிறேன். எழுதிக் கெடுத்தவனே எழுதட்டும்.

ஊசுட்டேரித் தண்ணீர் பாய்கிற நிலத்தை ஒட்டிய சேரியில் பிறந்தவள் அவள். ஏழு வயதில் பண்ணையார் நடேசன் வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குச் சாணி அள்ளப் போனாள். நடேசன் குடும்பம் புதுச்சேரியில் இருக்கும், பண்ணை இங்கே இருக்கும். கொட்டாயில் முப்பது மாடு. விடிவதற்குள் அத்தனை சாணியையும் வாரியாக வேண்டும் என்பதால் பிள்ளைகளை அங்கேயே படுக்க வைப்பார்கள். தூக்கத்தில் மாடு மிதித்து அவளுக்கு இடது காலில் சுண்டுவிரல் போயிற்று. பத்து நாள் கழித்து மறுபடி கூடையைக் கொடுத்தார்கள். இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. செருப்பு வாங்க வந்தவள் கால் அளவைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

சாமிக்கண்ணுவைக் கட்டிக்கொண்டாள். வாயில்லாப் பூச்சி. நாள் முழுக்க வேலை செய்வான், நாலு வார்த்தை பேசுவான், அதில் இரண்டு வார்த்தை மாட்டோடு. அந்த வருஷங்களில் சேரி ஆட்கள் சைகோனுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. சாமிக்கண்ணுவும் போய்விடுவான் என்று பயந்து நடேசன் இரண்டு காணியை ஒன்பது வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டார். பத்திரம் பதிகிற நொத்தேர் முன்னால் எழுத்தாயிற்று. நடேசன் வைத்த நிபந்தனைகள் இவை. நான் கொடுக்கிற கிச்சிலிச் சம்பா விதையைத் தவிர வேறு விதைக்கக்கூடாது. வெள்ளத்தாலோ பூச்சியாலோ பயிர் போனால் கதிர் வருவதற்குள் எனக்குப் பிரெஞ்சில் எழுதித் தெரிவிக்க வேண்டும். மற்றபடி எந்தக் காரணத்தால் விளைச்சல் குறைந்தாலும் குத்தகை முறிந்தது, குடும்பத்தோடு பண்ணை வேலைக்குத் திரும்ப வேண்டும். அவர்கள் குடிசை நின்ற மனையும் அவருடையதுதான், எங்கே ஓடுவார்கள்.

ஐந்து வருஷம் நன்றாகவே விளைந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அவர்கள் மகள் காசம்மாளுக்கு ஏழு முடிந்தது. பண்ணைக் காரியக்காரன் கண்ணையன் குடிசை வழியாகப் போகும்போதெல்லாம் பெண்ணைப் பார்த்து, "கூடை தூக்கற அளவுக்கு வளந்துட்டாளே" என்று சொல்லிவிட்டுப் போவானாம். செங்கமலம் கேட்டுக்கொண்டே கை வேலையைப் பார்ப்பாள். அந்த இரண்டு காணி கையில் இருக்கும்வரை அவன் பேச்சு வெறும் பேச்சு. அது போனால் அன்று சாயங்காலமே பெண் கொட்டாயில் படுக்க வேண்டும். நிலம் என்றால் அவளுக்கு அதுதான்.

அந்த ஐப்பசியில் மழை பெய்ததைவிட மூடிக்கொண்டு நின்ற நாள்தான் அதிகம். ஒரு சந்தை நாளில் புருஷனும் பெண்சாதியும் என் கடைக்கு வந்தார்கள். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேலே ஒரு தகரம். அன்று என் எதிரே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். சாமிக்கண்ணு தூணோடு தூணாக நின்றான். அவள்தான் பேசினாள்.

"வயலு முழுக்க ஆனக்கொம்பன்தாங்க, ரைட்டரய்யா. நாத்தாங்கால்லயே வந்திருக்கும்னு தோணுது. இந்த வருசம் சம்பா இல்லீங்க. ஆண்டைக்குத் தெரியப்படுத்தணும்."

எனக்கு என்ன விளங்கிற்று என்றால், விதை கலந்துவிட்டது, சம்பாவுக்குப் பதில் ஆனைக்கொம்பன் நெல் முளைத்து நிற்கிறது என்று விளங்கிற்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அப்பனும் பண்ணையாள்தான். கிறிஸ்தவச் சாமியார்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்து, சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். வயலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சேற்றை மறக்க மறக்க மேலே போகிறோம் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவன் போய் இவளிடம் வயல் சங்கதி கேட்பானா?

ஆகவே எழுதினேன். அழகான கையெழுத்தில், இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் எழுதினேன். "எங்கள் வயல் முழுவதும் ஆனைக்கொம்பன் என்னும் நெல் விளைந்திருக்கிறபடியால் இவ்வருஷம் சம்பா விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம் எனத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." சாமிக்கண்ணு கட்டைவிரல் ரேகை வைத்தான். செங்கமலம் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆறாம் நாள் பதில் வந்தது. அதை என்னிடமே கொண்டுவந்தார்கள், வேறு யாரிடம் போவார்கள். பிரித்துப் படித்தேன். "நான் கொடுத்த விதையை விட்டுவிட்டு ஆனைக்கொம்பன் விதைக்க உங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது? உங்கள் கடிதமே பத்திரத்தை மீறியதற்குச் சாட்சி." அதை அவர்களுக்குத் தமிழில் சொன்னேன்.

"வெதையா? நாம ஈயத்தானே சொன்னோம்?" என்று புருஷனைப் பார்த்தாள்.

ஈ. அந்த ஒரு வார்த்தையில் நான் எழுதினது என்னவென்று எனக்கு விளங்கிற்று. அப்போதே சொல்லியிருக்கலாம். என் தப்புதான் தாயே, நான் போய் அவரிடம் சொல்கிறேன் என்று ஒரு வாக்கியம். சுற்றி ஆள் நின்றது. மரியதாஸ் எழுதினால் மாற்றமில்லை என்று பேர் வாங்கியிருந்த நேரம் அது. "ஆண்டைக்கு முன்னைப் போலப் பிரெஞ்சு ஓடவில்லை, தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்" என்று சொன்னேன். சொன்ன வாயை என்ன செய்யலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மறுபடி எழுதினேன். இந்த முறை ஈ என்று எழுதினேன். முதல் கடிதத்தில் இருந்தது பிழை என்று மட்டும் எழுதவில்லை. நடேசன் மூன்றே வரியில் பதில் போட்டார். முன்னே நெல் என்றாய், இப்போது ஈ என்கிறாய், உண்மையானால் கொம்பை என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டு, ஒரு பிடியைக் காட்டி ஏமாற்ற வேண்டாம்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. இரண்டு காணியிலும் உள்ள கொம்பையெல்லாம் அறுத்து மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொட்டுங்கள், அவர் வாயடைத்துப்போகட்டும் என்று சொன்னேன். சாமிக்கண்ணு தலையாட்டினான். செங்கமலம் ஆட்டவில்லை. மடியிலிருந்து இரண்டு கொம்பை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

ஒன்றின் நுனியில் துளை இருந்தது. துளையில் வெள்ளையாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. "இதுல ஈ போயிடுச்சிங்க, செவப்பா இருக்கும், இது வெறுங்கூடு" என்றாள். இன்னொன்றை நகத்தால் கீறினாள். உள்ளே புழு இருந்தது, ஆனால் செத்திருந்தது. தோல் விறைத்து, அதற்குள் கடுகு கடுகாக என்னவோ நெருக்கியிருந்தது. அதிலிருந்து கறுப்பாக ஒன்று ஊர்ந்து வந்து என் மைக்கூட்டின் விளிம்பில் ஏறிற்று. எறும்பைவிடச் சின்னது, இறக்கை இருந்தது.

"இந்தக் கறுப்பு வந்த பக்கமா பாத்துட்டேங்க. அங்க புதுத் தூரு சுத்தமா வருது. இதுங்க புழுவத் தின்னுட்டு, ஈயோட வூட்லயே குடியிருக்குதுங்க. இப்ப கொம்ப அறுத்தா ஈ எதுவும் சாவாது, அது எப்பவோ பறந்துடுச்சி. சாவறது இதுங்கதான். காட்டறதுக்கு ஒரு கட்டு போதும், மிச்சத்த வுட்டுடலாம்."

நான் சிரித்தேன். உள்ளே பயம் இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும், சிறு வயதிலிருந்தே அப்படி. அந்தக் கறுப்பை விரலால் நசுக்கித் துடைத்துவிட்டு, கொசுவிடம் பேசிக்கொண்டிருந்தால் நிலம் நிற்குமா, ஆண்டை ஒரு பிடியைக் காட்டாதே என்று எழுதியிருக்கிறார், போய் அறுங்கள் என்று கத்தினேன். படித்தவன் கத்துகிறான். எழுத்துத் தெரியாதவள் என்ன செய்வாள். தான் கண்ணால் பார்த்ததைவிட நான் காகிதத்தில் பார்த்தது பெரிது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் முழுக்க நினைக்கவில்லை.

மூன்று நாள் இடுப்பொடியக் குனிந்து ஒவ்வொரு தூராக விலக்கி, பெண்ணோடு சேர்ந்து மூன்று பேரும் கொம்பு அறுத்தார்கள். வடகிழக்கு மூலையில் கால் காணிக்கும் குறைவான ஒரு துண்டு. அங்கே வந்ததும் செங்கமலம் நடுவில் நின்றுகொண்டு அறுக்கக்கூடாது என்றுவிட்டாளாம். சாமிக்கண்ணு அவளை அறைந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவை. அடித்துவிட்டு அவனே வரப்பில் உட்கார்ந்து அழுதானாம். மூலை மட்டும் தப்பிற்று.

நான்கு கோணி மூட்டையோடு புதுச்சேரிக்குப் போனோம். நானும் போனேன், உதவிக்கு என்று சொல்லிக்கொண்டு. உண்மையில் என் முதல் கடிதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மடக்கத்தான் போனேன். மூட்டையில் மூன்று நாள் அடைந்து கிடந்ததில் கொம்பெல்லாம் வாடி வைக்கோல் நிறமாகிவிட்டது. நடேசன் வீட்டு முற்றத்தில் அவிழ்த்துக் கொட்டினார்கள். கொட்டியதும் உள்ளேயிருந்து கறுப்புக் கறுப்பாகக் கிளம்பிற்று. ஆயிரக்கணக்கில். வெள்ளைச் சுவரில் மிளகுப்பொடி தூவினதுபோல் அப்பிக்கொண்டது. ஒரு சிவப்பு ஈகூட இல்லை.

நடேசன் ஒன்றும் முட்டாள் இல்லை, பண்ணையில் வளர்ந்தவர். ஆனைக்கொம்பன் ஈ சிவப்பு என்று எனக்குத் தெரியாதா, இது அழுகின தாளில் வருகிற கொசு, வாடின புல்லை மூட்டை கட்டிக் கொண்டுவந்து என்னிடமே காட்டுகிறீர்களா என்று கேட்டார். செங்கமலம் சொல்லத் தொடங்கினாள், கறுப்பு எதைத் தின்கிறது என்று. அவர் கையை ஓங்கவில்லை, திட்டவும் இல்லை. தையில் வந்து வயலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வேலைக்காரி துடைப்பத்தால் அத்தனையையும் வாரித் தெருவில் கொட்டி நெருப்பு வைத்தாள். அந்த வயலின் காவல் அங்கே எரிந்ததென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. செங்கமலத்துக்குத் தெரிந்தது. அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் கூப்பிட்டும் வரவில்லை.

கார்த்திகையில் ஈ மறுபடி வந்தது. அறுத்த இடமெல்லாம் புதிதாகப் பிடித்த தூரில் கொம்பு ஏறிற்று. இந்தத் தடவை தின்ன ஆளில்லை. ராத்திரி பகல் என்று பார்க்காமல் அவள் வயலிலேயே கிடந்தாள். நடுவில் ஒரு நாள் மூலையிலிருந்து கொம்புகளைப் பிடுங்கி மற்ற இடங்களில் பத்தடிக்கு ஒன்றாகச் சொருகிப் பார்த்தாளாம், கறுப்பு பரவட்டும் என்று. காலம் கடந்துபோயிற்று. கதிர் உள்ளே திரண்டு பயிர் தொண்டை கட்டுகிற நேரம் வந்துவிட்டது. இரண்டு காணியில் நின்றதெல்லாம் கோரையாட்டம் வெறும் தாள். மூலை மட்டும் பச்சை பிடித்து, கதிர் வாங்கி, தலை சாய்ந்து நின்றது.

தை பிறந்து நாலாம் நாள் நடேசன் வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். கண்ணையன் குடை பிடித்தான். வரப்பில் நடந்துகொண்டே போனவர் மூலைக்கு வந்ததும் நின்றார். ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். கிச்சிலிச் சம்பா. முத்து முத்தாக இருந்தது.

"ஒரே தண்ணி, ஒரே விதை, ஒரே கை. இங்க விளையுது, அங்க விளையல. ஈ வரப்புப் பாத்தா திங்கும்?" என்றார். "இங்க பாடுபட்ட. அங்க படல. அவ்வளவுதான்."

செங்கமலம் அவர் காலில் விழுந்தாள். அறுத்ததனால்தான் ஆண்டை, அறுக்காத இடம் இது ஒண்ணுதான், அறுக்கச் சொன்னதே நீங்கதான் என்று மண்ணில் முகம் வைத்துச் சொன்னாள். யாருக்கு விளங்கும்? பூச்சி பிடித்ததை விட்டுவைத்தால் விளைகிறது, சுத்தம் செய்தால் சாகிறது என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரே நியாயம் அவளுக்கே எதிராகக் கதிர் விட்டு நின்றது.

நடேசன் என் பக்கம் திரும்பினார். கையில் இருந்த முதல் கடிதத்தைக் காட்டி, "மரியதாஸ், இது நீர் எழுதினதுதானே? இவங்க சொன்னதத்தானே எழுதினீர்?" என்று கேட்டார்.

சாமிக்கண்ணு என்னைப் பார்த்தான். அந்த ஊமையன் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. படித்தவர், நம்ம ஆள், இப்போது சொல்லிவிடுவார் என்று.

"அவங்க சொன்னதத்தான் எழுதினேன்" என்றேன்.

பொய்யா? இல்லை. ஆனைக்கொம்பன் என்றுதான் அவள் சொன்னாள், ஆனைக்கொம்பன் என்றுதான் நான் எழுதினேன். இப்படி ஒரு உண்மையைச் சொல்வதற்குப் பதில் என் நாக்கு அழுகியிருக்கலாம். வேலி பயிரை மேய்ந்தது என்பார்களே, நான் மேய்ந்தேன்.

மூலையில் விளைந்ததைக் கண்ணையன் ஆள் விட்டு அறுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் காசம்மாளுக்குத் தலை வாரி, எண்ணெய் வைத்து, செங்கமலமே கையைப் பிடித்துக் கொட்டாய்க்கு அழைத்துப் போனாள். மாடு கட்டின பக்கம் தலை வைக்காதே, சுவரோரமாகப் படு, காலை மடக்கிக்கொள் என்று சொல்லிக்கொண்டே போனாளாம். வழியில் கேட்டவர்கள் எனக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இதைச் சொல்லி இரக்கம் தேடவில்லை, இருக்கிறது அதுதான்.

சாமிக்கண்ணு அடுத்த வருஷம் சைகோனுக்குக் கப்பலேறினான். அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரு கடிதம் வந்தது. பிறகு சண்டை வந்து கப்பலும் கடிதமும் நின்றன. செங்கமலம் பண்ணையில் நடவு ஆளானாள். தான் குத்தகைக்கு வைத்திருந்த அதே இரண்டு காணியில் வருஷா வருஷம் நட்டாள்.

எட்டு வருஷம் கழித்து ஒரு புரட்டாசியில் நான் அந்த வயலுக்குப் போனேன். அவள் நட்டுக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் நான் விதை என்று புரிந்துகொண்டது, ஆண்டைமேல் பழி போட்டது, பயத்தில் அறுக்கச் சொன்னது, தையில் உண்மையை மறைத்தது. காறித் துப்புவாள், சேற்றை வாரி அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றும் சொல்லலாம்.

அவள் நிமிர்ந்து, நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். நான் அடிக்கச் சொன்னாலும் அடிக்கமாட்டாள் என்று தெரிந்துபோயிற்று.

"ரெண்டுக்கும் ஒரே பேருன்னு ஆருக்குத்தான் தெரியாது" என்றாள். "நெல்லா ஈயான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பனே, ரைட்டரய்யா."

கண்ணையன் எதிர் வரப்பிலிருந்து சத்தம் போட்டான். அவள் குனிந்து விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள். அவளுக்குப் பக்கத்து முனையில் நட்டுக்கொண்டிருந்த பெண் காசம்மாள் என்று அப்புறம்தான் கவனித்தேன். கால் சேற்றுக்குள் இருந்தது. விரல் எல்லாம் இருக்கிறதா என்று தெரியவில்லை, கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.